கார்ப் பார்க்கில் நிற்க வேண்டாம், மகனே

அன்பு மகனுக்கு,

நீங்கள் எனக்கு அப்பா என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இன்றைக்கு மட்டும் அதை ஒரு பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டு இதை வாசியுங்கள். சற்று முன்னர்தான் நீங்களும் அம்மாவும் காரில் ஏறிப் பழைய துறைமுகப் பக்கம் போனீர்கள். நான் மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்று, "கவனமாப் போங்கோ! ஃபோனை ஓஃப் பண்ணாதேங்கோ! பத்து மணிக்கு முதல் வீட்டை வந்தால் கதவு திறக்க மாட்டன்!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கார் மூலையில் திரும்பி மறைந்த பிறகும் நான் உள்ளே போகாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வேலை செய்யும் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில், முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய்மார் போகாமல் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்களாமே, அந்த மாதிரித்தான். அப்போதுதான் முடிவெடுத்தேன். வீட்டில் காத்திருப்பது நான், வெளியே சுற்றப் போயிருப்பது நீங்கள். ஆகவே இன்றிரவு நான் பெற்றோர், நீங்கள் மகன். உங்களோடு வந்திருக்கும் பெண்ணை மருமகளாக ஏற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல குடும்பம் என்று கேள்வி.

மகனே என்று எழுதிவிட்டேன், ஆனால் 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்னை அந்தளவுக்குக் கெடுத்துவிட்டது. மரியாதையான மகனாகவே இருந்துவிடுங்கள். இது இரகசியக் கடிதமும் அல்ல. அம்மா வாசிக்கலாம். மொன்றியலில் நம்முடைய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரவு வேலைக்குப் போகும் எந்த அப்பாவும் வாசிக்கலாம். நீங்கள் இதை வாசிக்கும்போது இன்றைய இரவு முடிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பெற்றோரின் புத்திமதி எப்போது நேரத்துக்கு வந்தது?

முதலில் வரப்போகும் திங்கட்கிழமையைப் பற்றி. பல்கனியில் நின்று ஃபோனில் கதைத்தால் வீட்டுக்குள் கேட்காது என்று நினைத்தீர்கள். மூன்று மாடிக்கும் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்ய் பாண் ஃபாக்டரியில் இத்தனை வருடமாக இரவில் மா பிசைந்து பாண் சுட்ட உங்களை, இந்தக் கோடை தொடங்கும்போது பகலுக்கு மாற்றினார்கள். நீங்கள் இப்போது சுப்பர்வைசரிடம் பழையபடி இரவு வேலையே வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை நீங்கள் அவருக்கு முடிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் இது தெரியும். ஆனால் அவர் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "கொப்பருக்கு வீட்டை இருக்கிறது அவ்வளவு கஷ்டமாமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. போன மாதம் உங்கள் ஃபோனில், இரவு வேலைக்கு எழுப்பும் பழைய அலாரத்தைத் திரும்ப வைத்தது நான்தான். சும்மா ஒரு பகிடிக்கு. அது அடித்ததும் நீங்கள் துள்ளி எழும்பி, முகம் கழுவி, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டீர்கள். நான் மேலே நின்று சிரித்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது சந்தோஷமான முகம், அப்பா. வீட்டை விட்டு வெளியேற ஒரு நியாயம் கிடைத்தவரின் முகம். நான் விளக்கிச் சொன்னதும் அது அணைந்தது. "எடி வாலு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து சோபாவில் இருந்தீர்கள். அது அம்மா இருக்கும் பக்கம். நீங்கள் இல்லாத அத்தனை இரவுகளிலும் அவர் அங்கே இருந்துதான் பிரான்சில் இருக்கும் சித்தியோடு கதைத்தார், தொடர்கள் பார்த்தார். அவர் வந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போய் இருந்தார். அதன் பிறகு அம்மா சீரியலில் இருந்தார், நீங்கள் சீரியஸாக இருந்தீர்கள். ஒரே வீட்டுக்குப் புதிதாக வந்த இரண்டு வாடகைக்காரர் போல.

இனி என் சொந்த விஷயம். எனக்குப் பதினேழு வயது. இந்த மாகாணத்தில் பதினெட்டு ஆகாதவருக்கு இரவின் கதவுகள் திறப்பதில்லை. மொன்றியலின் 'ரியல்' இரவில்தான் இருக்கிறது என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள், அவர்களுக்கும் பதினேழுதான். எனக்குத் தெரிந்த இரவெல்லாம் செயின்ட்-லோரன்ட் தெருவில் பஸ் ஜன்னலால் பார்த்த வரிசைகள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு தடியர் கதவில் நிற்பார். கதவு திறக்கும்போது இசை ஒரு துண்டு வெளியே விழும், மூடியதும் அறுந்துவிடும். உள்ளே என்னதான் நடக்கிறது? எல்லோரும் ஆடுவார்களா, ஆடுகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்களா? அவ்வளவு சத்தத்துக்குள் எப்படிக் கதைப்பார்கள்? யாரையும் தெரியாத இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? இரவு உங்களுக்கு உத்தியோகம், எனக்கு வெறும் உத்தேசம்.

சின்ன வயதில் இதையே உங்களிடம் கேட்டிருக்கிறேன். வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, இரவில வெளியில என்ன இருக்கு?" என்று கேட்டேன். "பாண் இருக்கு. போய்ப் படு" என்றீர்கள். நல்ல பதில். ஆனால் வேறொரு நாள், நான் கேட்காமலே ஒன்று சொன்னீர்கள். காலையில் வேலை முடிந்து, பாலம் கடந்து, டவுன்டவுன் ஊடாக வரும்போது சனங்கள் வீட்டுக்குப் போவதைப் பார்ப்பீர்களாம். "பொம்பிளைப் பிள்ளையள் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு, சிரிச்சுச் சிரிச்சுப் போகுதுகள். விடிய விடிய என்னத்தைத்தான் கண்டுதுகளோ" என்றீர்கள். குறை சொல்கிறீர்கள் என்று அம்மா நினைத்தார். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டீர்கள். எனக்கு இருக்கும் இந்த நோண்டல் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்றைக்கு நீங்கள் போயிருப்பது இரண்டாவது தடவை. உங்கள் முதல் இரவுலாவை நான் ஏற்பாடு செய்ததற்குக் காரணம் அந்த வாக்கியம்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடை. பாட்டு உண்டு. என் ஃபோனிலிருந்து உங்கள் பெயரில் மேசை எடுத்தேன். "ரெண்டு பேருக்கு" என்று போட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நம்முடைய குடும்பத்தில் யாரும் இரண்டு பேருக்கு ஒன்றும் எடுத்ததில்லை. எடுத்தால் முந்நூறு பேருக்கு மண்டபம்.

அங்கேதான் நான் ஒரு விஷயத்தை மறந்துபோனேன், மகனே. நம்மவர்களுக்கு இரவு வாழ்க்கை இல்லை என்று யார் சொன்னது? மாலை விழாவுக்கு மண்டபம், மண்டப வாசலில் மாலை. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள், எல்லாம் இரவில்தான். ஆனால் அதற்கு எழுதாத ஒரு சட்டம் உண்டு. வாசலில் காரை நிறுத்துவீர்கள். அம்மாவும் நானும் இறங்குவோம். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், பெண்கள் மேசையில் இருப்பார். நீங்கள் காரை நிறுத்தப் போவீர்கள். போனால் போனதுதான். கார்ப் பார்க்கில் நாலு மாமாமார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். டிக்கிக்குள் போத்தல், பிளாஸ்டிக் கப், யாரோ வீட்டு மிக்சர். டிக்கி திறந்தால்தான் உங்களுக்கெல்லாம் வாயும் திறக்கும். உள்ளே டிஜே தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒருவரும் அசையமாட்டீர்கள். சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வருவீர்கள், அதுவும் ஆண்கள் வரிசையில். முடிந்ததும் அம்மா வந்து காரில் ஏறுவார். "போவமோ?" "ஓம், போவம்." இப்படித்தான் இத்தனை வருடமும் நீங்கள் இரண்டு பேரும் 'சேர்ந்து' வெளியே போய் வந்தீர்கள்.

அந்த முதல் உலாவிலும் அதையே செய்தீர்கள். வாசலில் அம்மாவை இறக்கினீர்கள். அம்மா உள்ளே போய் மேசையில் இருந்தார். நீங்கள் காரை நிறுத்திவிட்டு, காருக்குப் பக்கத்தில் நின்றீர்கள். யாரும் வரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தீர்கள். டிக்கியைத் திறக்கவில்லை என்று சத்தியம் செய்தீர்கள், நம்புகிறேன். அம்மா இரண்டு கதிரைகள் போட்ட மேசையில் ஒரு கதிரையில் இருந்தார். பரிமாறும் பெண் மூன்று தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு ஓடியபோது, கார்டெரிப் பழக்கத்தில், "டூஸ்மோ, டூஸ்மோ" என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகப் போகச் சொன்னாராம். அவள் சிரித்துவிட்டு, யாருக்காகவோ காத்திருக்கிறீர்களா என்று கேட்டாளாம். அம்மா ஓம் என்று தலையாட்டினாராம். பிறகும் கேட்டாளாம். பிறகு கேட்கவில்லையாம்.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் சோபாவின் நடுவில் இருந்தேன். நீங்கள் ஒரு நுனி, அம்மா மறுநுனி, நான் தபால் கந்தோர்.

"கொப்பரைக் கேள், என்னை ஏன் அங்க கூட்டிக்கொண்டு போனவர் எண்டு."

"அப்பா, அம்மா கேக்கிறா..."

"கேட்டது. கொம்மாவிட்டச் சொல்லு, ஒரு ஃபோன் அடிச்சிருக்கலாம்தானே எண்டு."

"அவர் வெளியில ஆக்களோட நிப்பார், ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டு இருந்தனான்."

"நானும் அப்பிடித்தான். உள்ளுக்கு ஆக்களோட கதைச்சுக்கொண்டு இருப்பா எண்டு விட்டனான்."

"அங்க ஆர் ஆக்கள்?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருநேரத்தில் என்னைப் பார்த்தீர்கள். பிறகு நீங்கள் மெல்ல, "பார்க்கிங் காசு வாங்கிற அல்ஜீரியாக்காரர் ஒருத்தர் நிண்டவர். தகப்பன் ஊரில பேக்கரி வச்சிருந்தவராம். மாப் புளிக்கிறதைப் பற்றி நல்லாக் கதைச்சார்" என்றீர்கள். அம்மா எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள்தான் நீங்கள் பல்கனியில் நின்று சுப்பர்வைசருக்கு ஃபோன் எடுத்தீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அன்றிரவு அம்மா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அங்க ஒரு பொம்பிளை பாடினவள். என்ன பாசையோ தெரியாது, பிரெஞ்சு மாதிரியும் இல்லை. வடிவாப் பாடினவள். பக்கத்தில ஆரும் இருந்திருந்தால் சொல்லியிருப்பன்." அவ்வளவுதான். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். நீங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எடுக்காமல் நின்றீர்கள். என்னைக் கண்டதும், "மேல ஒரு பொம்பிளை பாடினது கார்ப் பார்க்குக்குக் கேட்டது. நல்ல குரல், என்ன" என்றீர்கள். ஒரே பாட்டு. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டு பேரும் அதை வேறு யாருக்கும் சொல்லாமல் எனக்குத்தான் கொண்டுவந்து தந்தீர்கள். ஒரு படத்தின் இரண்டு பாதியும் என் கையில். எனக்கு இந்தப் பாட்டு எதற்கு? நான் அதைக் கேட்கவே இல்லையே.

அடுத்த கோடையில் நான் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விடுவேன், அது முடிவான விஷயம். அப்போது நீங்கள் இரவு வேலையில் இருந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா எழும்பும்போது நீங்கள் வருவீர்கள். கட்டில் ஆறாது, ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பீர்கள். தபால் கந்தோரும் மூடப்பட்டிருக்கும்.

நோண்டல் குணம் விடவில்லை. ஏன் இப்படி வாழத் தொடங்கினீர்கள் என்று அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "நீ பிறந்த நேரம், உன்னை ஒருத்தரிட்டையும் விடுறேல்லை எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தனாங்கள். நான் பகல் வேலை, அவர் இரவு வேலை. ஆரும் ஒருத்தர் எப்பவும் உன்னோட. பேந்து கதைக்க நேரம் கிடைக்கேல்லை." பகல் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மா, தன்னுடைய பிள்ளையை யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. உங்கள் இரவுகளை எல்லாம் நான் ஒருத்தியே சாப்பிட்டு முடித்திருக்கிறேன், பாணும் சம்பலும்போல, ருசி தெரியாமல்.

ஆகவே, மகனே, உங்களை வளர்த்தது போதும், இனி வெளியே போய்ப் பாருங்கள். இன்று மாலை வாசலில் வைத்துச் சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன். அம்மாவை வாசலில் இறக்க வேண்டாம். காரை நிறுத்தும்வரை அவர் காரிலேயே இருக்கட்டும். இடம் தேடி நாலு சுற்றுச் சுற்றினாலும், அவரும் சேர்ந்து திட்டட்டும், அதுவே ஒரு பொழுதுபோக்கு. பிறகு கார்ப் பார்க்கில் நிற்க வேண்டாம். இருவரும் ஒரே பக்கம் பார்த்து நடவுங்கள். கையைப் பிடிக்கச் சொல்லவில்லை, அவ்வளவு முன்னேற்றம் என் இதயம் தாங்காது. பெரிய ராட்டினத்தைப் பார்த்தால் ஏறுங்கள். மேலே போனதும் உங்கள் ஃபாக்டரி இருக்கும் கரை தெரியும். இத்தனை வருடம் அங்கிருந்து இங்கே பார்த்தவர், ஒருமுறை இங்கிருந்து அங்கே பாருங்கள், அம்மாவுக்குக் காட்டுங்கள். என்னைப் பற்றிக் கதைப்பது இன்றைக்குத் தடை. என் மார்க்ஸ், என் தலைமுடி, நான் போகப்போகும் நகரத்தின் குளிர், ஒன்றும் கூடாது. அவரிடம் ஏதாவது கேளுங்கள். எனக்கே தெரியாத கேள்வி ஏதாவது. கதவில் கறுப்புச் சட்டைத் தடியர் நின்றால் பயப்பட வேண்டாம், உங்களுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. உள்ளே போங்கள். சனங்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்துவிட்டு உங்கள் சாப்பாட்டுப் பைக்குள் வைக்க இருந்தேன். திங்கட்கிழமை எந்த நேரத்தில் அந்தப் பையைத் திறக்கிறீர்களோ, அந்த நேரத்தில் வாசிப்பீர்கள் என்று. ஆனால் கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆகவே மிச்சத்தைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

பல்கனிக்கு ஓடினேன். எங்கள் கார்தான். எஞ்சின் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. அவ்வளவுதான், சண்டை என்று நினைத்தேன். உள்ளே சின்ன விளக்கு எரிந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்து எதையோ காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். மா பிசைவது போலவும் இருந்தது, ஆடுவது போலவும் இருந்தது. அம்மா உங்கள் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்தார். என்ன கதை? ஒரு சொல் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் இரண்டு பேரும் கதைக்கும் ஒன்று எனக்குக் கேட்கவில்லை. நான் கம்பியில் எவ்வளவு தூரம் சாய்ந்தேன் என்று அம்மா கண்டிருந்தால் அடிதான்.

பிறகு கதவு திறந்தது. அம்மா இறங்கினார். தெருவிளக்கில் முதலில் தெரிந்தது அவருடைய கை. கையில் செருப்பு. வெறுங்காலோடு நடைபாதையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், குனிந்து, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு. நான் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். படிக்கட்டில் நீங்கள் வருவது கேட்டது. நடுவில் நான் இல்லாமல்.

"இஞ்சாரும், மெதுவா. பிள்ளை படுத்திருப்பாள்."

"அவளோ? அவள் காதை நீட்டிக்கொண்டு கிடப்பாள்." பிறகு அம்மா நின்றார். மூன்றாவது மாடியின் கடைசி வளைவில் என்று நினைக்கிறேன். "இஞ்சாருங்கோ. திங்கக்கிழமை வேலையில அவனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"எவனுக்கு?" என்றீர்கள் நீங்கள்.

அம்மா திரும்பவும் சிரிக்கத் தொடங்கினார். நீங்கள் "உஷ்" என்றீர்கள். பிறகு உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் திறப்பு கதவுப் பூட்டில் பிழையாகக் குத்துப்படுகிறது. வாருங்கள், திறந்துதான் இருக்கிறது. நான் நித்திரை. நாளைக்கு விடிந்ததும் கேட்பேன், நீங்கள் இரண்டு பேரும் சொல்லமாட்டீர்கள் என்றும் தெரியும். சொல்ல வேண்டாம். ஒருவருக்கொருவர் சொல்லியாகிவிட்டதே.

என்னத்தைத்தான் கண்டீர்களோ.

இன்றிரவுக்கு மட்டும் உங்களைப் பெற்றவள்